இன்டரப்ட் ஹேண்ட்லர் எழுதுமுன் நினைவகத்தைப் பூட்டுங்கள்

முன்பு ஒரு எடை மேடைக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். லாரி மேடையில் ஏறி நின்றதும் எடைக் கருவி சீரியல் போர்ட் வழியாக எடையை அனுப்பும். டாஸ் என்ற பழைய இயக்க முறைமையில் ஓடும் என் நிரல் அதைப் படித்து ரசீது அடிக்க வேண்டும், மாலையில் அன்றைய கணக்கை அறிக்கையாகக் கோப்பில் எழுத வேண்டும். என் மேசையிலிருந்த 16 எம்பி கணினியில் நாள் கணக்கில் சிக்கலே இல்லாமல் ஓடியது. மேடையிலிருந்த 4 எம்பி கணினியில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அப்படியே உறைந்து நின்றது. கேபிளை மாற்றினேன். போர்ட் கார்டை மாற்றினேன். கடைசியில் அங்கிருந்த எழுத்தர்தான் சொன்னார்: "சார், ரிப்போர்ட் ஓடும்போது வண்டி ஏறினாத்தான் நிக்குது."

அந்த ஒரு வரியில் முழு விஷயமும் இருந்தது. அது எனக்குப் புரியத்தான் நாளானது. இந்தக் கட்டுரையை எழுதுவது உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்பதற்காக.

உதாரணத்துக்கு டிஜேஜிபிபியை எடுத்துக்கொள்கிறேன். டிஜே டெலோரி 1989-ல் தொடங்கிய இந்தத் தொகுப்பு, ஜிசிசி கம்பைலரை டாஸுக்குக் கொண்டுவந்து, 386-லும் அதற்குப் பிந்தைய சிப்களிலும் 32 பிட் நிரல் எழுத வழி செய்தது. பழைய விளையாட்டுகளை உயிர்ப்பிப்பவர்களும், ஃப்ரீடாஸிலோ (டாஸின் இலவச மறுவடிவம்) டாஸ்பாக்ஸிலோ (இன்றைய கணினியில் டாஸ் கணினியைப் போலி செய்யும் நிரல்) புதிதாக எழுதிப் பார்ப்பவர்களும் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இன்டரப்ட் என்பது ஓடும் வேலையை நிறுத்தி என்னைக் கவனி என்று சாதனம் தரும் குறிப்பு, அப்போது ஓடும் ஃபங்ஷன்தான் ஹேண்ட்லர். பேஜிங் என்பது நினைவகத்தை ரேமுக்கும் வட்டுக்கும் இடையே மாற்றிவைப்பது. இவை இரண்டும் மோதிக்கொள்வதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேறு இடம் எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே புரிந்துகொண்டால் விண்டோஸ் டிரைவரிலும் அதே கதையை அடையாளம் காண்பீர்கள்.

பேஜ் என்பது என்ன, அது எப்போது காணாமல் போகும்

386 சிப் நினைவகத்தை 4096 பைட் கொண்ட துண்டுகளாகப் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பேஜ். உங்கள் நிரல் ஒரு முகவரியைத் தொட்டால், அந்தப் பேஜ் உண்மையில் ரேமில் எங்கே இருக்கிறது என்பதைச் சிப் ஒரு அட்டவணையில் பார்த்துக்கொள்கிறது. அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் கடைசி பிட், அந்தப் பேஜ் ரேமில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். அது சுழியமாக இருந்தால் சிப் அந்தக் கட்டளையை அப்படியே நிறுத்தி, 14-ஆம் எண் எக்செப்ஷனை (சிப் தானே எழுப்பும் இடைநிறுத்தம்) எழுப்பும். இதுதான் பேஜ் ஃபால்ட். தொட முயன்ற முகவரி சிப்புக்குள்ளேயே இருக்கும் சிஆர்2 என்ற ரெஜிஸ்டரில் போய் உட்காரும்.

ஃபால்ட் வந்தால் பிழை என்று அர்த்தமில்லை. டிஜேஜிபிபி நிரலின் கீழே டிபிஎம்ஐ சர்வர் ஒன்று, அதாவது டாஸில் 32 பிட் நிரல்களுக்கு நினைவகத்தை நிர்வகித்துத் தரும் நிரல், ஓடுகிறது. வெறும் டாஸில் அது பெரும்பாலும் சார்லஸ் சாண்ட்மன் எழுதிய சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ. ரேம் போதாமல் போனால், சில பேஜ்களை வட்டில் உள்ள ஸ்வாப் கோப்புக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுப்பது அதன் வேலை. தள்ளிய பேஜை நீங்கள் மறுபடி தொட்டால் ஃபால்ட் வரும், சர்வர் வட்டிலிருந்து அதை எடுத்து வைக்கும், நின்ற கட்டளை மறுபடி ஓடும். உங்கள் நிரலுக்கு நடுவில் எதுவும் நடந்ததாகவே தெரியாது.

சரி, பிறகு என்ன சிக்கல்? வட்டிலிருந்து எடுக்க அந்தச் சர்வர் டாஸைத்தான் கூப்பிட வேண்டும். டாஸோ ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குள் நுழைய முடியாதபடி எழுதப்பட்டது. உங்கள் நிரல் கோப்பு எழுதச் சொல்லி டாஸுக்குள் போயிருக்கும் நேரத்தில் சீரியல் போர்ட்டில் ஒரு பைட் வருகிறது என்று வையுங்கள். ஹேண்ட்லர் ஓடுகிறது. அது தொடும் பஃபர், அதாவது வந்த பைட்களைச் சேர்த்துவைக்கும் இடம், ரேமில் இல்லை. ஃபால்ட். சர்வர் வட்டைப் படிக்க டாஸைக் கூப்பிடப் போகிறது, டாஸோ பாதி வேலையில் நிற்கிறது. ஸ்டோர் ரூம் சாவியை ஸ்டோர் ரூமுக்குள் வைத்துப் பூட்டிய நிலைமை. கணினி உறைவதோ, டாஸின் உள்கணக்கு கெட்டுக் கோப்பு பாழாவதோ, எது நடக்கும் என்பது அதிர்ஷ்டம்.

இரண்டு நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதைக் கவனியுங்கள்: பேஜ் வெளியே போயிருக்க வேண்டும், இன்டரப்ட் வரும்போது டாஸ் வேலையில் இருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பிழை உங்கள் மேசையில் வராது, வாடிக்கையாளர் மேசையில் வரும். என் எடை மேடையில் மதியம் முழுக்க வண்டி வராமல் பஃபர் சும்மா கிடந்தது. மாலையில் அறிக்கைக்காக நிரல் நிறைய நினைவகம் கேட்டபோது சும்மா கிடந்த அந்தப் பேஜ்தான் வட்டுக்குப் போனது. அறிக்கை கோப்பில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு லாரி ஏறியது.

டாஸ் வேலையில் இல்லாவிட்டாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. 9600 பாட் வேகத்தில் வினாடிக்கு 960 பைட் வரும், அதாவது கிட்டத்தட்ட ஒரு மில்லி வினாடிக்கு ஒரு பைட். பழைய 8250, 16450 சீரியல் சிப்களில் வந்த பைட்டை வைத்துக்கொள்ள ஒரே ஒரு இடம்தான் உண்டு. வட்டிலிருந்து ஒரு பேஜ் எடுக்கப் பத்து மில்லி வினாடி பிடித்தால், அதற்குள் வந்த பைட்களில் பெரும்பாலானவை தொலைந்திருக்கும். 16550ஏ சிப்பில் 16 பைட் வரிசை இருப்பதால் அது கொஞ்சம் தாங்கும். ஆனால் அதை நம்பி எழுதக் கூடாது. தீர்வு, ஹேண்ட்லர் தொடும் பேஜ்கள் எதுவும் ரேமை விட்டு வெளியே போகாதபடி பூட்டிவிடுவது.

முதல் வேலை: ஹேண்ட்லர் எதையெல்லாம் தொடுகிறது என்று எழுதுங்கள்

எழுதுங்கள் என்று சொல்வது காகிதத்தில். நிரலின் கோடை (code), அதாவது கட்டளை வரிகளை, திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் போங்கள். என் சீரியல் ஹேண்ட்லருக்கு அந்தப் பட்டியல் இப்படி வந்தது: ஹேண்ட்லர் ஃபங்ஷனின் கோடு, அது கூப்பிடும் சின்ன ஃபங்ஷன் ஒன்று, பஃபரைக் காட்டும் பாயின்டர், தலை எண் (அடுத்த பைட்டை எங்கே வைப்பது), வால் எண் (அடுத்து எங்கிருந்து படிப்பது), பிழை எண்ணி, அப்புறம் பஃபரே. ஹேண்ட்லருக்குள் ஸ்விட்ச் இருந்தால் கம்பைலர் அதற்கு ஒரு தாவல் அட்டவணை செய்யக்கூடும். அதுவும் தொடும் நினைவகம்தான். மேற்கோளுக்குள் எழுதிய சரமும் அப்படியே. நூலக ஃபங்ஷன் எதையாவது கூப்பிட்டால் அதன் கோடும், அது உள்ளே கூப்பிடுவதும், அது வைத்திருக்கும் மறைவான தரவும் சேர்ந்துவிடும். அவற்றின் அளவு உங்களுக்குத் தெரியாது.

பட்டியல் நீளமாக வந்தால் பட்டியலைப் பூட்டப் போகாதீர்கள், ஹேண்ட்லரைச் சுருக்குங்கள். போர்ட்டிலிருந்து பைட்டை எடு, பஃபரில் வை, தலை எண்ணை நகர்த்து, இன்டரப்ட் கன்ட்ரோலருக்கு முடிந்தது என்று சொல், திரும்பு. இவ்வளவுதான் அதன் வேலை. எடையைப் பிரித்து அறிவது, திரையில் காட்டுவது எல்லாம் முதன்மை நிரலின் பாடு. பிரின்ட்எஃப், மெமரி ஒதுக்கும் மேலாக், கோப்பு எதுவும் ஹேண்ட்லருக்குள் வரவே கூடாது. பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் அவை அங்கே தவறு.

கோடைப் பூட்டுவது

டிஜேஜிபிபி நூலகத்தில் இதற்கு 'கோ32 டிபிஎம்ஐ லாக் கோட்' என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. தொடக்க முகவரியும் பைட் கணக்கில் அளவும் கொடுக்க வேண்டும். உள்ளே அது டிபிஎம்ஐயின் இன்டரப்ட் 31, செயல் எண் 0600-ஐக் கூப்பிடுகிறது, இரண்டும் ஹெக்ஸ் எண்கள். அந்த முகவரிகள் அடங்கிய பேஜ்களை ரேமுக்குக் கொண்டுவந்து, வெளியே தள்ளாதே என்று குறித்துவைப்பதுதான் இதன் பொருள். 0601 பூட்டைத் திறக்கும்.

தொடக்க முகவரி ஃபங்ஷனின் பெயர்தான். அளவு? சி மொழியில் ஒரு ஃபங்ஷன் எத்தனை பைட் என்று கேட்க வழியில்லை. அதனால் எல்லோரும் செய்யும் உத்தி: ஹேண்ட்லருக்கு அடுத்தபடியாக ஒரு வெற்று ஃபங்ஷன் எழுதி, அதன் முகவரியிலிருந்து ஹேண்ட்லரின் முகவரியைக் கழிப்பது. ஷான் ஹார்க்ரீவ்ஸின் அலெக்ரோ நூலகத்தில் 'எண்ட் ஆஃப் ஃபங்ஷன்', 'லாக் ஃபங்ஷன்', 'லாக் வேரியபிள்' என்று வரும் மேக்ரோக்கள் இந்த உத்தியைத்தான் அழகாகச் சுற்றி வைத்திருக்கின்றன.

இந்த உத்தியில் ஒரு பள்ளம் உண்டு, புதியவர்கள் தவறாமல் விழும் இடம். நீங்கள் எழுதிய வரிசையில்தான் ஃபங்ஷன்கள் நினைவகத்திலும் இருக்கும் என்று கம்பைலர் எந்த உறுதியும் தருவதில்லை. பழைய ஜிசிசி பெரும்பாலும் அந்த வரிசையைக் காத்தது, புதியவை மேம்படுத்தும்போது மாற்றி அடுக்கக்கூடும். வெற்று ஃபங்ஷன் முன்னால் போய்விட்டால் கழித்தால் எதிர்மறை எண் வரும், குறியில்லாத எண்ணாக அது பிரம்மாண்டமான ஒன்றாக மாறும். வேறெங்கோ போய்விட்டால் அளவு தவறாக வரும். கூப்பிட்ட சின்ன ஃபங்ஷனைக் கம்பைலர் உள்ளேயே விரித்து எழுதிவிடுவதும் உண்டு. ஆனால் அது நமக்கு நல்லதுதான், ஏனென்றால் அந்தக் கோடு ஹேண்ட்லருக்குள்ளேயே வந்துவிடுகிறது.

நான் செய்வது இது. ஹேண்ட்லரையும் அது கூப்பிடுவதையும் தனிக் கோப்பில் வைக்கிறேன். அந்தக் கோப்புக்கு மட்டும் மேல்மட்ட ஃபங்ஷன்களை இடம் மாற்றாதே என்ற கம்பைலர் தேர்வைக் கொடுக்கிறேன். நிரல் தொடங்கும்போது கழித்து வந்த அளவை ஒரு முறை அச்சிட்டுப் பார்க்கிறேன். சின்ன ஹேண்ட்லருக்கு நூறு இருநூறு பைட் வந்தால் சரி, ஒரு லட்சம் வந்தால் எங்கோ தவறு. அதைவிட முக்கியம், பூட்டும் ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பைப் பாருங்கள். சுழியம் வந்தால்தான் பூட்டு விழுந்தது. இதைப் பார்க்காமல் விட்ட கோடை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பூட்டு விழாமலே நிரல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

தரவைப் பூட்டுவது

இங்கேதான் நான் விழுந்தேன். 'லாக் டேட்டா' ஃபங்ஷனுக்கு என் பஃபரின் பெயரை முன்னால் & குறி போட்டும், கூடவே அதன் சைஸ்ஆஃபையும் கொடுத்திருந்தேன். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது அணி இல்லை, மேலாக் மூலம் வாங்கிய 8 கேபி இடத்தைக் காட்டும் பாயின்டர். சைஸ்ஆஃப் தந்தது 4. முகவரியும் பாயின்டர் இருக்கும் இடத்தின் முகவரி. ஆக, நான் பூட்டியது முகவரி எழுதிய சீட்டை மட்டும். முகவரியில் இருந்த வீடு திறந்தே கிடந்தது. பூட்டும் ஃபங்ஷனோ சுழியத்தைத் திருப்பித் தந்தது, கேட்ட நான்கு பைட்டை அது ஒழுங்காகப் பூட்டிவிட்டதே!

அன்றிலிருந்து ஹேண்ட்லர் தொடும் தரவு எல்லாவற்றையும் ஒரே ஸ்ட்ரக்டில் வைக்கிறேன். பஃபரும் அதற்குள்ளேயே நிலையான அளவுள்ள அணியாக இருக்கும். ஒரே அழைப்பில் முழுவதும் பூட்டிவிடலாம். நாளைக்குப் புதிதாக ஒரு எண்ணி சேர்த்தாலும் பூட்ட மறக்க வழியில்லை. மேலாக்கில்தான் வாங்கியாக வேண்டும் என்றால் பாயின்டரை ஒரு முறை, அது காட்டும் இடத்தை உண்மையான அளவோடு இன்னொரு முறை, இரண்டையும் பூட்டுங்கள். பின்னால் ரீஅலாக் செய்தால் இடம் மாறும், பழைய பூட்டு பழைய இடத்தோடு போய்விடும்.

பூட்டு பேஜ் கணக்கில்தான் விழும். பத்து பைட் கேட்டாலும் 4096 பூட்டப்படும், அந்தப் பத்து பைட் இரண்டு பேஜ்களின் எல்லையில் உட்கார்ந்திருந்தால் 8192. அதே பேஜில் வேறொரு பூட்டிய வேரியபிளும் இருக்கலாம். அதனால் நிரல் ஓடும்போதே பூட்டைத் திறந்து மூடி விளையாட வேண்டாம். ஒரு முறை பூட்டினால் முடியும்வரை இருக்கட்டும்.

ஸ்ட்ரக்டில் உள்ளவற்றை வோலடைல் என்று அறிவிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் முதன்மை நிரலில் தலை எண்ணைக் கம்பைலர் ஒரு ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு, மாறாத எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும். தலை எண்ணை ஹேண்ட்லர் மட்டும் மாற்றட்டும், வால் எண்ணை முதன்மை நிரல் மட்டும் மாற்றட்டும். இப்படிப் பிரித்துக்கொண்டால் அந்த எண்களைப் படிக்க இன்டரப்டை நிறுத்தக்கூடத் தேவையில்லை.

எந்த வரிசையில் செய்வது

பூட்டுவது எல்லாவற்றுக்கும் முன். பிறகு பழைய இன்டரப்ட் வெக்டரை, அதாவது இப்போது பதிந்திருக்கும் ஹேண்ட்லரின் முகவரியை, வாங்கி வையுங்கள். பிறகு 'ஐரெட் ராப்பர்' ஒன்றை ஒதுக்குங்கள். சாதாரண சி ஃபங்ஷனை இன்டரப்டிலிருந்து கூப்பிடத் தேவையான ரெஜிஸ்டர் சேமிப்பையும் தனி ஸ்டாக்கையும் இது பார்த்துக்கொள்ளும். பிறகு புதிய வெக்டரை வையுங்கள். காம்1 போர்ட்டுக்கு அது ஐஆர்கியூ (சாதனம் இன்டரப்ட் கேட்கும் கம்பி) 4, டாஸில் இன்டரப்ட் எண் 12, இது ஹெக்ஸ் இல்லை, சாதாரண எண். இதெல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் சீரியல் சிப்பிலும் இன்டரப்ட் கன்ட்ரோலரிலும் வாசலைத் திறக்க வேண்டும். வாசலை முதலில் திறந்துவிட்டு உள்ளே வீடு பெருக்கக் கூடாது.

ஹேண்ட்லரின் முடிவில் போர்ட் 20-க்கு 20 என்ற மதிப்பை அனுப்ப வேண்டும், இரண்டும் ஹெக்ஸ். இது விட்டுப்போனால் முதல் பைட்டோடு எல்லாம் நின்றுவிடும். ஐஆர்கியூ 8 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டாவது கன்ட்ரோலருக்கும் சொல்ல வேண்டும். நல்லவேளையாக இந்தத் தவறு உடனே தெரிந்துவிடும்.

வெளியேறும்போது தலைகீழ் வரிசை: வாசலை மூடு, பழைய வெக்டரைத் திருப்பி வை, ராப்பரை விடு. நிரல் பாதியில் நின்றாலும் இது நடக்கும்படி வெளியேறும் பட்டியலில் பதிந்துவிடுங்கள். இல்லாத நிரலின் ஹேண்ட்லரைக் காட்டிக்கொண்டிருக்கும் வெக்டரால் அடுத்து ஓடும் நிரலுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ராப்பர் இல்லாமல் அசெம்பிளியில் நேரடியாக எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்ட்ரோல்-சி அழுத்தும்போது டிஜேஜிபிபி, நிரலின் தரவுப் பகுதியைக் குறிக்கும் டிஎஸ் செலக்டரின் எல்லையைச் சுருக்கித்தான் நிரலை நிறுத்துகிறது. உங்கள் ஹேண்ட்லர் அந்த இடைவெளியில் ஓடினால் டிஎஸ்ஸை நம்ப முடியாது. நூலகம் இதற்கென்றே வைத்திருக்கும் மாற்று செலக்டரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

குறுக்கு வழிகள்

இரண்டு இருக்கின்றன. ஒன்று, தொடக்கக் கொடிகளில் 'லாக் மெமரி' என்பதை ஏற்றிவிட்டால் நிரலின் முழு நினைவகமும் பூட்டப்படும். எந்தப் பட்டியலும் வேண்டாம். சின்ன நிரலுக்கு இது முற்றிலும் நியாயமான வழி, முதல் பதிப்பை இப்படி ஓட வைத்துவிட்டுப் பிறகு நுணுக்கமாகப் பூட்டச் சொல்வேன். ஆனால் நிரல் பெரிய அணிகளை வாங்கும் என்றால், ரேம் தீர்ந்ததும் ஸ்வாப்புக்குப் போகாமல் நினைவகமே கிடைக்காது. 4 எம்பி கணினியில் அது சீக்கிரமே நடக்கும்.

இன்னொன்று, பேஜிங்கே இல்லாத சர்வர். சிடபிள்யூஎஸ்டிபிஆர்0 என்று ஒரு வடிவம் உண்டு, அதில் ஸ்வாப் கிடையாது. இதை நம்பிப் பூட்டாமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன். காரணம் இது: பழைய விண்டோஸின் டாஸ் பெட்டிக்குள் உங்கள் நிரலை ஒருவர் ஓட்டினால், அங்கே ஏற்கெனவே ஒரு டிபிஎம்ஐ சர்வர் இருக்கும், உங்கள் நிரல் அதையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் பொட்டலத்தில் வைத்து அனுப்பிய சர்வர் ஏறவே ஏறாது. எந்தச் சர்வர் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. பூட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.

வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

பூட்டு சரியாக விழுந்ததா என்பதை நல்ல கணினியில் பார்க்க முடியாது. டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பில் நினைவக அளவு வழக்கமாக 16 எம்பி. அதை 4 ஆக்குங்கள். ஹேண்ட்லரை வைத்த பிறகு, நிரலில் 10 எம்பி வாங்கி ஒவ்வொரு 4096 பைட்டுக்கும் ஒரு எழுத்தை எழுதுங்கள். வாங்கினால் மட்டும் போதாது, தொட்டால்தான் ரேம் உண்மையில் செலவாகும். இப்போது சும்மா கிடந்த பேஜ்களெல்லாம் வட்டுக்கு ஓடும். இதே சுற்றுக்குள் ஒரு கோப்பைத் திறந்து எழுதி மூடிக்கொண்டே இருங்கள், மறுமுனையிலிருந்து சீரியலில் எதையாவது விட்டு விட்டு அனுப்புங்கள். தொடர்ந்து அனுப்பினால் பஃபர் பேஜ் எப்போதும் புழக்கத்தில் இருக்கும், வெளியே போகாது. அதனால் இடைவெளி அவசியம்.

என் பழைய பாயின்டர் பிழையை அப்படியே வைத்து இந்தச் சோதனையை ஓட்டினேன். முன்பு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்த உறைவு, இங்கே ஐந்தே நிமிடத்தில் வந்தது. அதிர்ஷ்டமிருந்தால் உறைவதற்குப் பதிலாக ரெஜிஸ்டர் பட்டியல் திரையில் கொட்டும். அதில் சிஆர்2 மதிப்பு வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பஃபரின் முகவரியோடு டிஎஸ் செலக்டரின் தொடக்க முகவரியைக் கூட்டி முன்பே அச்சிட்டு வைத்திருந்தால், இரண்டையும் ஒப்பிட்டதுமே எதைப் பூட்டவில்லை என்று தெரிந்துவிடும். டீபக் தகவலோடு கம்பைல் செய்திருந்தால் 'சிமிஃபை' கருவி கோட் முகவரிகளை ஃபங்ஷன் பெயராகவும் வரி எண்ணாகவும் மாற்றித் தரும்.

இதே சிக்கல் விண்டோஸ் டிரைவர் எழுதும்போது வேறு பெயரில் வரும். அங்கே பேஜ்ட் பூல், நான்பேஜ்ட் பூல் என்று இரண்டு இடங்களிலிருந்து நினைவகம் வாங்கலாம். இன்டரப்ட் நேரத்தில் முதலாவதிலிருந்து வாங்கியதைத் தொட்டு அது ரேமில் இல்லாமல் போனால் நீலத்திரைதான், எண் 0ஏ அல்லது டி1. லினக்ஸ் கெர்னல் தன் சொந்த நினைவகத்தை ஸ்வாப் செய்வதே இல்லை என்பதால் அங்கே ஹேண்ட்லர் எழுதுபவருக்கு இந்தப் பட்டியல் வேலை மிச்சம். ஆனால் பயனர் நிரலின் நினைவகத்தை ஹேண்ட்லருக்குள்ளிருந்து தொடக் கூடாது, அது ரேமில் இல்லாமல் இருக்கலாம். லினக்ஸில் நேரம் தவறக் கூடாத சாதாரண நிரல் எழுதினால் 'எம்லாக்ஆல்' என்ற அழைப்பை நிரலின் தொடக்கத்திலேயே, இப்போது உள்ளதற்கும் இனி வாங்கப்போவதற்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அதுவும் தோற்கலாம், சாதாரணப் பயனருக்குப் பூட்டக் கிடைக்கும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. அங்கேயும் திருப்பித் தரும் மதிப்பைப் பாருங்கள்.